சரக்கின் குணமும் வாங்குவோர் பயனும்

தருமபுரி மாவட்டம் இண்டூர்ப் பக்கத்துப் புன்செய்க் குடியானவர்கள் கேழ்வரகையும் சாமையையும் தானியமாகவே மண்டியில் போடாமல், சுத்தஞ்செய்தும் மாவாக்கியும் பொட்டலங்களாக விற்பார்களாயின், கூடுதல் விலை பெற இடமுண்டு. அவ்வாறு விற்போர் பொட்டலத்தின்மேல் எழுதும் வாசகத்திலும் கருத்தைச் செலுத்துதல் அவசியமாகும்.

"பையூர் 2 ரகம், மானாவாரி விளைச்சல், தொழுவுரமிட்டது" என்றெழுதுவது வழக்கம். இவை சரக்கின் குணங்கள். இவற்றின் அருமையை உழவர் அறிவர். தருமபுரி உழவர் சந்தைக்கு வரும் குடும்பப் பெண்ணின் மனத்திலெழும் வினாக்களோ வேறு. கல் இருக்குமா? சமைக்க நேரமாகுமா? பிள்ளைகள் உண்பார்களா? வாசகம் இவற்றிற்கு விடையளித்தல் வேண்டும்.

இதற்கு முறை எளிது. சரக்கின் குணங்களை வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிற்கும் எதிரே "அதனால் வாங்குபவருக்கு என்ன?" என்னும் வினாவிற்கு விடை எழுதுக.

1. சாமை உமி போக்கிக் கல் நீக்கப்பட்டதாயின், "அரிக்க வேண்டுவதில்லை, கழுவி உலையிலிடலாம்" என்க.

2. கேழ்வரகை முளைகட்டினால் மாவுச்சத்து ஓரளவு சிதைந்து கூழ் இளகுகிறது. தாதுச்சத்துக்கள் உடலிற் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலமும் குறைகிறது. ஆதலின், "கூழ் கெட்டியாகாது; பிள்ளைகள் எளிதிற் பருகலாம்" என்க.

3. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமும் இல்லை. எனவே, "எலும்பிற்கும் பல்லிற்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து மிகுந்தது" எனல் பொருந்தும்.

பயனைக் கூறுங்கால் மெய்யின் எல்லையைக் கடத்தலாகாது. "நீரிழிவு தீரும்" போன்ற வாசகங்கள் கூடவே கூடா. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, மயக்கந்தரும் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். அபராதத்தினும் பெரிய நஷ்டம் நம்பிக்கை போவதே. "கல் இல்லை" என்ற பொட்டலத்தில் ஒரு கல் அகப்படினும், வாங்கியவர் மறுமுறை வாரார். ஆகையால் முதலிற் சல்லடையையும், பின்னரே வாசகத்தையும் சீர்செய்க. ரகம், எடை, அரைத்த தேதி ஆகியவற்றை வாசகத்தின் கீழே தவறாது குறிக்கவும். பயனுக்கு அவையே சாட்சி.

கிராம உத்தியோகஸ்தர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இம்முறையை எடுத்துரைப்பது நன்று. அச்சிடுமுன் வாசகத்தை உழவறியாத ஒருவரிடம் படித்துக் காட்டுக. அவர் "அதனாலென்ன?" என்று கேட்பாராயின், அவ்வரியை மாற்றி எழுதுக.