வீட்டுக்கு வந்த ஐ.ஐ.டி. பாடம்

"போனைப் பார்த்துப் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்று எங்கள் சங்கரன்கோவிலில் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சகோதரிகளே, தாராளமாகப் படிக்கலாம். என் நாத்தனார் மகள் படிக்கிறாள். பி.காம். முடித்த கையோடு கல்யாணம், மறு வருஷம் குழந்தை. இப்போது மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் ஐ.ஐ.டி. நடத்துகிற பன்னிரண்டு வாரக் கணக்கியல் பாடம்!

'ஸ்வயம்' 2017-ல் வந்தது. அதற்கு முன்பே, 2003-ல், சென்னை உட்பட ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 'என்.பி.டி.இ.எல்.' என்ற பெயரில் பாடங்களைப் படம்பிடிக்க ஆரம்பித்துவிட்டன. 2014 முதல் சான்றிதழும் தருகிறார்கள். பாடம் கேட்கக் காசில்லை, தேர்வுக்குத்தான் கட்டணம்.

சினிமா மாதிரி எடுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்துபோகிற காரியமில்லை இது. வாராவாரம் அசைன்மென்ட், அதற்குக் கெடு தேதி. சந்தேகத்தை எழுதிக் கேட்டால் பதில் சொல்ல ஆட்கள். ஆசிரியர் பேசியதை அப்படியே எழுத்தாகவும் தருகிறார்கள். பல பாடங்களுக்குத் தமிழிலும் உண்டு. பிள்ளை தொட்டிலில் தூங்கும்போது சத்தமில்லாமல் வாசிக்கலாமே! பல கல்லூரிகளில் இதற்கென ஓர் ஆசிரியரைப் போட்டு, யார் யார் அசைன்மென்ட் அனுப்பவில்லை என்று கவனிக்கிறார்கள்.

வீட்டிலிருந்து படிப்பவளை யார் கவனிப்பது? பல்கலைக்கழகங்களின் ஏற்பாடெல்லாம் கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். தேர்வுக் கட்டணம் கட்டிய அன்று இவள் பட்ட பாட்டைக் கேளுங்கள். பாங்கிக் கணக்கு மாப்பிள்ளையுடையது. ஓ.டி.பி. அவர் போனுக்குப் போயிற்று, அவரோ சந்தையில்! "அத்தே, நம்பரக் கேட்டு வாங்கதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சே" என்று அழாத குறை. மூன்றாம் தடவைதான் பணம் போனது. ஆகவே முதல் காரியமாக உங்கள் பெயரில் ஒரு பாங்கிக் கணக்கு, அதற்கு உங்கள் போன் நம்பர், ஒரு ஈமெயில் விலாசம் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருந்தால், அடையாள அட்டையில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். சான்றிதழிலும் அந்தப் பெயர்தான் வரும்.

மொத்தம் நூறு மார்க்கில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. இதில் 10-ம் 30-ம் எடுத்தால்தான் சான்றிதழ். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. மையத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். திருட்டுத்தனம் இல்லாமலிருக்க அது நியாயம்தான். ஆனால் கைக்குழந்தைக்காரி என்ன செய்வாள்? மையத்தில் ஓரமாக ஓர் அறை ஒதுக்கக் கூடாதா?

வரும் ஏப்ரலில் இவளுக்குத் திருநெல்வேலியில் தேர்வு. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பஸ் பயணம், மூன்று மணி நேரப் பரீட்சை. "இந்த வெயில்ல பச்சப்பிள்ளையத் தூக்கிட்டா?" என்று அவள் மாமியார் தயங்குகிறார். கேழ்வரகுக் கூழும் காய்ச்சி ஆறின தண்ணீரும் எடுத்துக்கொண்டு நானே கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டால் வெயிலுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம்.