துயரில் தோன்றும் சுற்றம்

வாழ்வில் கூடுவோர் பலர். தாழ்வில் கூடுவோர் சிலர் என்பது உலக வழக்கு. ஆயினும், ஒரே துக்கம் பலர் தலைமீது ஒருங்கே வீழுங்கால், முன்பின் அறியாதாரும் ஒருவர்க்கொருவர் உற்றாராகி விடுகின்றனர். இவ்வுண்மையைத் திருவண்ணாமலை நகரத்தார்க்கும், அங்கு யாத்திரை செல்லும் அன்பர்க்கும் நினைவூட்ட விரும்புகின்றோம்.

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. அதனால் விளைந்த பெருமழையில் அண்ணாமலையின் சரிவு நெகிழ்ந்தது. மறுநாள், டிசம்பர் 1-ந் தேதி, மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரின்மீது வீழ்ந்தன. எழுவர் உயிர் துறந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். தேச விடுதலைக்காகச் சிறையில் செக்கிழுத்த தலைவரின் பெயர் பூண்ட அந்நகரில், ஏழைக் குடும்பங்கள் அன்று உற்ற துயரத்தை என்னென்பது!

பன்னிரண்டு நாள் கழித்துக் கார்த்திகை தீபம் வந்தது. மண்ணியல் வல்லுநர் மலையைப் பரிசோதித்த பின்னர், அவ்வாண்டு பக்தர்கள் மலையேறுதல் தடை செய்யப்பட்டது. தீபம் மட்டும் முறைப்படி ஏற்றப்பெற்றது. லக்ஷக்கணக்கான மக்கள் அடிவாரத்திலிருந்தே அதனைக் கண்டு தொழுதனர். தொழுதோர் எத்தனை பேர் அதே மலையடியில் அழுதோரை நினைத்தனர்?

சர்க்கார் நிதி வழங்கியது, அது கடமையே. எனினும் பணம் பசியை ஆற்றுமேயன்றி நெஞ்சின் வெறுமையை ஆற்றாது. அதனை ஆற்ற வல்லவர், அவ்வெறுமையைத் தாமும் அறிந்தவரே. கும்பகோணத்தைக் காண்மின். 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி, காசிராமன் தெருப் பள்ளியில் பற்றிய தீக்கு 94 குழந்தைகள் இரையாயினர். வெவ்வேறு வீதியினராகவும் தொழிலினராகவும் இருந்த பெற்றோர் அன்றுமுதல் ஒரு குடும்பம்போலாயினர். ஆண்டுதோறும் அந்நாளில் ஒருங்கு கூடி மலரிட்டு விளக்கேற்றுகின்றனர். வழக்கின் தீர்ப்புக்கு 2014 வரை பத்தாண்டு காத்திருந்ததும் ஒருங்கேதான். ஒரு தாயின் கண்ணீருக்குப் பொருள் சொல்ல, மற்றொரு தாய்க்கு வார்த்தை வேண்டுவதில்லை.

பிற நாட்டிலும் இஃதே இயல்பு. 2005-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி லண்டன் மாநகரில் வெடித்த குண்டுகளுக்கு 52 பேர் பலியாயினர். கிங்ஸ் கிராஸ் அருகே சுரங்க ரயிலில் உயிர் தப்பியோர் பலர், பெயரும் அறியாது ஒரே வண்டியில் சென்றவர்கள், பின்னர் ஒருவரையொருவர் தேடிக் கூடி மனச்சுமையை இறக்கிக்கொண்டனர்.

மலையின் மேற்புறத்தே, கிரிவலப் பாதையில் அமைந்துள்ளது அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய இடம் அதுவே என்பது ஐதிகம். தோழியர் வீடுதோறும் சென்று, துயில்வோரை அழைத்துத் தம்முடன் கூட்டிச் செல்வதன்றோ அப்பதிகத்தின் அமைப்பு? வாயிற்படியில் நின்று அழைக்கும் அவ்வழக்கம் மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. துயரில் அடைபட்ட வீட்டிற்கே அது பெரிதும் வேண்டுவது. பௌர்ணமிதோறும் 14 கிலோ மீட்டர் வலம்வரும் அன்பர்கள், காலயர்ந்த அந்நியருக்குத் தண்ணீர் தந்து தோள் கொடுக்கின்றனர். அவ்வன்பு வ.உ.சி. நகர் வாயிலையும் எட்டுதல் வேண்டும்.

நாம் வேண்டுவன இரண்டு. டிசம்பர் 1-ந் தேதியை நகரத்தார் பொது நினைவு நாளாகக் கொண்டு, இழந்தோரும் அண்டை அயலாரும் ஒருங்கு கூட வழி செய்ய வேண்டும். மலைச்சரிவில் வாழும் ஏனையோர்க்குத் தக்க மாற்றிடம் அளித்த பின்னரே, அவர்களை அங்கிருந்து அகற்ற வேண்டும். ஆறுதல் கூறிய நாவு, மறு ஆபத்தைத் தடுக்க முயலாதாயின், அவ்வாறுதல் வெறுஞ்சொல்லே.

மலை யாவர்க்கும் பொது. அதன் அடியில் நேர்ந்த துக்கமும் யாவர்க்கும் பொதுவாகுக.