விண்ணும் மண்ணும் – 17: தொலைநோக்கிக்கு மரக்கால்

வான சாஸ்திரத்தில் ஈடுபாடு கொண்டு புதிதாகத் தொலைநோக்கி வாங்குகிற அன்பர்கள், வில்லையின் விட்டத்தைப் பற்றி விசாரிக்கிற சிரத்தையில் நாலில் ஒரு பங்கைக்கூட அதைத் தாங்குகிற முக்காலியின்மீது செலுத்துவதில்லை. சனியின் வளையத்தை 150 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி, தன் கால்களின் நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெருக்கியே காட்டும் என்பதால், கால் ஆடினால் கண்ணாடியின் மேன்மை யாவும் வியர்த்தமாகிவிடும்.

இந்த உண்மையைச் சென்னை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழும்பியபோது, அதை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங் கருவியைத் தாங்குவதற்கென்றே சுமார் 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தினார். தமிழிலும் சாஸனம் பொறிக்கப்பெற்ற அத்தூண், இன்று வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

சென்னையை அடுத்த பட்டாபிராமில் வசிப்பவருக்குக் கருங்கல் தூண் சாத்தியமன்று. பிரதான இருப்புப்பாதையை ஒட்டிய தெருக்களில், ரயில் கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் தரையின் அதிர்வு மொட்டைமாடி வரை ஏறிவருகையில், கருவியோடு இனாமாக வருகிற மெல்லிய அலுமினியக் கால்கள், மீட்டிய தந்தியைப் போல் நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. மரத்தின் விசேஷம் இங்கேதான்: அதன் இழைகளுக்குள் நிகழும் உராய்வினால் அதிர்வு வெப்பமாக மாறி விரைவில் அடங்கிவிடுகிறது. நில அளவையாளர்கள் தலைமுறை தலைமுறையாக மரக்கால்களை நம்பியதற்கும் இது ஒரு காரணம்.

செலவும் அதிகமில்லை. மரக்கடையில் கதவு நிலைக்கு அறுத்து மிஞ்சிய தேக்கு ரீப்பர்களில் கணுவும் வெடிப்பும் இல்லாதவற்றைப் பொறுக்கி, ஒரு காலுக்கு இரண்டாக இணைத்து, மேல்முனையில் அகன்றும் கீழ்முனையில் ஒன்றுசேர்ந்தும் நிற்குமாறு ஆசாரியிடம் சொன்னால் போதும். மேலே அகலம் இருந்தால்தான் கால் முறுக்கிக்கொள்ளாது. தலைப்பகுதியோடு பிணைக்கும் போல்ட்டுக்கு இருபுறமும் பெரிய வாஷர் இடவேண்டும்; இல்லையேல் இறுக்க இறுக்க மரம் நசுங்கி, மறுபடி ஆட்டம் காணும். கார்த்திகை மாதத்து ஈரம் ஏறாதிருக்க, அறுத்த முனைகள் உட்பட எங்கும் வார்னிஷ் பூசுதல் அவசியம். உயரத்தில் பேராசை கூடாது: கழியின் நீளம் இருமடங்கானால் அதே பாரத்துக்கு வளைவு எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் நியதியாகையால், நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் உயரமே உத்தமம்.

நம் ஊருக்கென்றே இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து சுமார் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; விண்மீன்களின் நகர்வைப் பின்தொடரும் தாங்கியில் அதை நோக்கித் திருப்பி வைக்கிற சுழல் அச்சும் ஏறக்குறையப் படுக்கையாகவே அமைவதால், கருவியின் பாரம் வடபுறமாகச் சாய்கிறது. ஆகவே ஒரு காலை வடக்கு நோக்கி வைப்பது நலம். ஆனால் அப்படி வைத்த காலில், அதுவும் பருத்த மரக்காலில், குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர் எடையின் தண்டு மோதக்கூடும். ஆகையால் அளவெடுக்கும்போதே தண்டை முழுவதும் சுழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவே உங்கள் தொலைநோக்கியின் குழாயை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பிம்பம் அடங்க மூன்று விநாடிக்கு மேல் சென்றால், புதிய வில்லைக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் மரம் வாங்குங்கள்.