எக்ஸ்றேயில் தெரிந்த வெயில்

ஊரில் வெயிலுக்கு ஒதுங்கிய நாங்கள், இங்கு தொழிற்சாலைக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறோம். பிள்ளைகளும் மாரியில் வீட்டுக்குள்தான். தோலில் வெயில் பட்டால் உடம்பே விற்றமின் டி செய்துகொள்ளும். அது இல்லாவிட்டால் சாப்பாட்டிலுள்ள கல்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது; பிள்ளையின் எலும்பு மென்மையாகிக் கால் வளையும். இதுதான் றிக்கெற்ஸ்.

முதல் உலகப்போர் முடிந்த பசிக்காலத்தில், 1919இல், பேர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி என்ற டொக்டர் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்குப் பாதரச விளக்கின் ஒளியைப் பிடித்தார். (நாசிகளின் காலத்தில் அவரும் எங்களைப்போல் நாட்டை விட்டு எகிப்துக்குப் போனவர்.) கிழமைகள் செல்லச் செல்ல, எக்ஸ்றே படத்தில் மங்கிக் கிடந்த எலும்பு நுனிகளில் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு கைக்கு மட்டும் ஒளி பிடித்தபோது மற்றக் கையும் தேறியது! தோலில் உண்டானது இரத்தத்தோடு உடம்பெங்கும் போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கறுத்த தோலுக்குக் கூடுதல் வெயில் வேண்டும். இந்தக் குளிர்நாட்டு மாரி வெயில் போதாது. ஆகவே டொக்டர் தரும் டி துளிகளை, "பிள்ளை கொழுகொழு என்றுதானே இருக்கு" என்று அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். அளவைக் கூட்டவும் வேண்டாம், சிறுநீரகம் பழுதாகும். நடக்கப் பிந்தினாலோ மணிக்கட்டு தடித்தாலோ உடனே காட்டுங்கள். மொழி வராவிட்டால் அந்த மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாலே அவருக்கு விளங்கும்.