ஒட்டுண்ணி செத்த பின்னும் ஆடு ஏன் சாகிறது?

துருக்கியில் வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் மாதங்கள் செம்மறி வளர்ப்பவர்களுக்குப் பதற்றமானவை. நான்கு கோடிக்கும் அதிகமான செம்மறிகள் உள்ள நாடு அது. மந்தைகள் மலை மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறும் அதே காலத்தில்தான் றிப்பிசெபாலஸ் பேர்சா என்ற உண்ணியும் முதிர்ந்த பருவத்தை அடைந்து ஆடுகளின் வாலடியிலும் மடியைச் சுற்றியும் ஒட்டிக்கொள்கிறது. நேற்றுவரை நன்றாக மேய்ந்த ஆடு திடீரென மந்தைக்குப் பின்தங்குகிறது. காய்ச்சல் 41 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. இமையின் உட்புறம் முதலில் வெளிறி, பின்னர் மஞ்சளாகிறது. சிறுநீர் கோப்பி நிறத்தில் போகிறது. சில நாட்களுக்குள் ஆடு இறந்துவிடலாம்.

இந்த நோய்க்குக் காரணம் பபேசியா ஓவிஸ் என்ற ஒட்டுண்ணி. ருமேனிய விஞ்ஞானி விக்டர் பபேஷ் 1888 இல் மாடுகளின் செங்குழியங்களுக்குள் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். 1892 இல், டனியூப் ஆற்றுப் பகுதியில் ‘கார்ச்சியாக்’ என்று மேய்ப்பர்கள் அழைத்த செம்மறி நோயிலும் அதைப் போன்ற ஒன்றை விவரித்தார். ஒட்டுண்ணியின் பெயர் அவரிடமிருந்தே வந்தது. 1893 இல் அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித்தும் பிரெட் கில்போனும், மாடுகளைக் கொன்ற ‘டெக்சாஸ் காய்ச்சல்’ உண்ணியால் பரவுவதை நிரூபித்தார்கள். கணுக்காலி ஒன்று நோயைக் கடத்துகிறது என்பதற்கு மருத்துவ உலகம் கண்ட ஆரம்பச் சான்றுகளில் அது முக்கியமானது.

இவ்வளவு காலமாக அறியப்பட்ட நோய் இது. ஒட்டுண்ணியைக் கொல்ல மருந்தும் உண்டு. ஆனால் ஊசி போட்ட பிறகும் ஆடுகள் சாகின்றன. அதற்கான விளக்கம் குருதியின் இரசாயனத்தில் இருக்கிறது.

சில ஒட்டுண்ணிகள், பெரிய அழிவு

நோயுற்ற ஆட்டின் காதிலிருந்து ஒரு துளி குருதி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். செங்குழியத்தின் ஓரத்தில் பேரிக்காய் வடிவில் சோடியாக ஒட்டுண்ணிகள் தெரியும். ஆனால் பபேசியா ஓவிஸ் விடயத்தில் அவை மிகக் குறைவாகவே தெரிகின்றன. சாகும் நிலையில் உள்ள ஆட்டிலும் நூறு செங்குழியங்களில் ஒன்றிரண்டில் மட்டும் அவை இருப்பது வழக்கம்.

ஆனால் இழப்பு அந்த ஒன்றிரண்டோடு நிற்பதில்லை. ஆரோக்கியமான செம்மறியின் குருதியில் செங்குழியங்களின் பங்கு 27 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். இந்த நோயில் அது 15 சதவீதத்துக்கும் கீழே விழக்கூடும். ஒட்டுண்ணி நுழைந்த குழியங்கள் உடைவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒட்டுண்ணி தொடாத குழியங்களும் சேதமடைவது. தொற்றினால் உருவாகும் ஒட்சியேற்ற அழுத்தம் அவற்றின் மென்சவ்வைப் பலவீனப்படுத்துகிறது. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியும் மண்ணீரலும் அவற்றைப் பழுதானவை என்று கருதி அழிக்கின்றன. ஒட்டுண்ணி தொடங்கிவைத்த அழிவை ஆட்டின் உடலே தொடர்கிறது.

உடைந்த குழியங்கள் எங்கே போகின்றன?

செங்குழியம் உடைந்தால் அதிலிருந்த ஈமோகுளோபின் வெளியே வரும். அதன் ஒரு பகுதி பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளாக மாற, ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றும். ஆரோக்கியமான செம்மறியின் ஒரு டெசிலீற்றர் குருதிப் பாயத்தில் பிலிருபின் ஏறத்தாழ அரை மில்லிகிராமைத் தாண்டாது. குழியங்கள் மொத்தமாக உடையும்போது ஈரலால் ஈடுகொடுக்க முடியாமல் அது பல மடங்கு உயர்கிறது. கண்ணில் தெரியும் மஞ்சள் அதுதான்.

அதேவேளை குருதிச்சோகையால் ஈரலுக்கு ஒட்சிசன் போதாமல் போகிறது. ஈரல் கலங்கள் சேதமடைய, அவற்றுக்குள் இருந்த நொதியங்கள் குருதியில் கசிகின்றன. ஏஎஸ்டி என்ற நொதியம் உயர்வதை ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்துள்ளன. ஆனால் அது தசையிலும் செங்குழியத்திலும் கூட இருப்பதால், அதை மட்டும் வைத்து ஈரலைக் குற்றஞ்சாட்ட முடியாது. பித்தக் கான்களோடு தொடர்புடைய ஜிஜிடியும் சேர்ந்து உயர்ந்தால் சந்தேகம் வலுப்படும். மனிதர்களின் ஈரலைச் சோதிக்க முதலில் பார்க்கப்படும் ஏஎல்டி, செம்மறியில் அவ்வளவு பயன்படாது. அதன் ஈரலில் அந்த நொதியம் குறைவு.

ஈரலில் உருவாகும் அல்புமின் என்ற புரதம் குறைகிறது. ஆடு தீவனம் எடுக்காமல் விடுவதும் இதற்கு ஒரு காரணம்.

மிக ஆபத்தான மாற்றம் சிறுநீரகத்தில் நடக்கிறது. பிணைக்கப்படாமல் மிஞ்சிய ஈமோகுளோபின் சிறுநீரகத்தின் வழியாக வடிகிறது. சிறுநீருக்குக் கோப்பி நிறம் தருவது அதுவே. போகும் வழியில் அது நுண்குழாய்களைச் சேதப்படுத்துகிறது. குருதியில் யூரியாவும் கிரியேற்றினினும் ஏறுகின்றன. அசைபோடும் விலங்குகள் யூரியாவின் ஒரு பகுதியை இரைப்பைக்குத் திருப்பி அனுப்பிப் பயன்படுத்திக்கொள்வதால், அவற்றில் கிரியேற்றினினே நம்பகமான அளவுகோல்.

மருந்துக்குப் பின்னும் சாவு நேர்வதன் காரணம் இங்கேதான். பொதுவாகப் பயன்படுத்தப்படும் இமிடோகார்ப் ஒட்டுண்ணியைக் கொல்லும். உடைந்த குழியத்தை ஒட்டாது, அடைபட்ட சிறுநீரகத்தைத் திறக்காது. கிரியேற்றினின் உயர்ந்துவிட்ட ஆட்டுக்கு ஊசியோடு சேலைனும் தேவைப்படும். செங்குழியப் பங்கு 10 சதவீதத்தை நெருங்கினால், இன்னோர் ஆட்டின் குருதியை ஏற்றுவதைத் தவிர வழியில்லாமல் போகலாம்.

இரண்டு கேள்விகள், இரண்டு சோதனைகள்

அப்படியானால் இரசாயனச் சோதனையை மட்டும் செய்தால் போதுமா? போதாது. செம்மறிகள் செப்பு நஞ்சாதலுக்கு மிக எளிதில் ஆளாகும் விலங்குகள். மாட்டுக்கான தீவனத்தை நீண்ட காலம் கொடுத்தாலே அது நேரலாம். அதிலும் செங்குழியங்கள் உடையும், பிலிருபின் ஏறும், சிறுநீர் கறுக்கும். அறிக்கையில் உள்ள எண்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கடும் காய்ச்சலும் உடலில் உண்ணியும் இருந்தால் பபேசியாவைச் சந்தேகிக்கலாம். குருதிப் பூச்சோ பிசிஆர் சோதனையோ அதை உறுதிசெய்ய வேண்டும்.

குற்றவாளி யார் என்பதற்குக் குருதிப் பூச்சு பதில் சொல்லும். சேதம் எவ்வளவு, ஆடு பிழைக்குமா என்பதற்கு இரசாயனச் சோதனை பதில் சொல்லும். ஒன்றை வைத்து மற்றதை ஊகிப்பதுதான் தவறு.

ஏழைக் குடும்பத்துக்கு இது பணக் கணக்கும் கூட. இமிடோகார்ப் உடலில் நீண்ட காலம் தங்கும். பிரித்தானியாவில் இந்த மருந்து ஏற்றிய மாட்டை இறைச்சிக்கு அனுப்ப 213 நாட்கள் காத்திருக்க வேண்டும். துருக்கியில் அண்மைய ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் யூன் மாதத்தில், அதாவது உண்ணிக் காலத்திலேயே வந்தது. பெருநாளுக்கு விற்கவென்று வளர்த்த கடாவுக்கு மருந்து ஏற்றினால் அந்த ஆண்டு வருமானம் கைவிட்டுப் போகும். ஏற்றாவிட்டால் கடாவே போய்விடலாம். சிறுநீரகம் ஏற்கெனவே செயலிழந்துவிட்டதா என்று தெரிந்தால், எந்த ஆட்டுக்காகச் செலவழிப்பது என்றாவது முடிவெடுக்க முடியும்.

பிழைத்த ஆட்டிலும் கதை முடிவதில்லை. எண்கள் படிப்படியாக வழமைக்குத் திரும்பும், ஆடு மேயத் தொடங்கும். ஆனால் ஒட்டுண்ணி மிகச் சிறிய அளவில் குருதியில் தங்கியிருக்கலாம். அந்த ஆட்டைக் கடிக்கும் பெண் உண்ணி, முட்டை வழியாகத் தன் அடுத்த தலைமுறைக்கும் அதைக் கடத்தும். உண்ணி இல்லாத பகுதியிலிருந்து புதிதாக வாங்கிவந்த ஆடுகள்தான் அதற்கு முதலில் பலியாகின்றன.

றிப்பிசெபாலஸ் பேர்சா மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளின் உண்ணி. என்றாலும் இலங்கையின் மாடுகளில் பபேசியா, தைலேரியா ஆகிய இரு வகை ஒட்டுண்ணிகளும் பதிவாகியுள்ளன. இங்கும் உண்ணிகள்தான் அவற்றைக் கடத்துகின்றன. பபேசியா உடைத்த செங்குழியம் மாட்டிலும் ஈரலையும் சிறுநீரகத்தையும் இதே பாதையில்தான் தாக்குகிறது.

செம்மறிகளுக்கு இந்த நோய்க்கெதிராகச் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் தடுப்பூசி எதுவும் இல்லை. உண்ணிக் காலம் தொடங்குமுன் மருந்துக் குளிப்பாட்டல், வாரத்துக்கொரு முறையாவது வாலடியையும் மடியையும் பார்த்தல், புதிதாக வாங்கிய ஆட்டைச் சில வாரங்கள் தனியே கட்டுதல் ஆகியவையே முதல் காவல். அதையும் மீறிக் காய்ச்சல் வந்தால், சிறுநீர் கறுக்கும்வரை பார்த்திருக்கக்கூடாது. சிறுநீர் நிறம் மாறும்போது சிறுநீரகத்துக்கான சேதம் தொடங்கிவிட்டது. இமை வெளிறும் நாளே மிருக வைத்தியரை அழைக்க வேண்டிய நாள்.