துருப்பிடித்த எக்சாஸ்ட் மேனிஃபோல்டு: பிக்கப் வாகனத்தில் வீட்டிலேயே மாற்றலாமா? கவனிக்க வேண்டியவை என்ன?

புதுடெல்லி: காய்கறி, பால், மீன், கட்டுமானப் பொருள்கள் என அன்றாடச் சரக்குகளை நாடு முழுவதும் ஏற்றிச் செல்பவை பிக்கப் வாகனங்கள். அவற்றில் பலவற்றை உரிமையாளரே ஓட்டுகிறார். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆகவே சிறிய பழுதுகளை வீட்டு வாசலிலேயே சரிசெய்துகொள்வது வழக்கமாக உள்ளது. அவ்வாறு பலர் துணியும் வேலைகளில் ஒன்று, துருப்பிடித்த அல்லது விரிசல் விட்ட எக்சாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றுவது.

பார்வைக்கு இது சில நட்டுகளைக் கழற்றி மாட்டும் வேலைதான். ஆனால், ஒரு ஸ்டட் உடைந்துவிட்டால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாக நீளக்கூடும். கசிவைக் கவனிக்காமல் விட்டாலோ உயிருக்கே ஆபத்து நேரலாம். எதுவரை வீட்டில் செய்யலாம், எந்த இடத்தில் பட்டறையை நாட வேண்டும் என்பதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

மேனிஃபோல்டின் பணி என்ன?

இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் எரிந்த வாயுவை ஒன்றுசேர்த்து, டர்போவுக்கோ சைலன்சர் குழாய்க்கோ அனுப்பும் பாகமே எக்சாஸ்ட் மேனிஃபோல்டு. சரக்கு வாகனங்களில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. சிலிண்டர் ஹெட்டில் பதிக்கப்பட்ட ஸ்டட்டுகளும் நட்டுகளும் இதைப் பிடித்து நிறுத்துகின்றன. இரண்டுக்கும் இடையில் வாயு கசியாதபடி கேஸ்கட் வைக்கப்படுகிறது. மெக்கானிக்குகள் இதைப் பேக்கிங் என்றும் கூறுவர்.

டீசல் இன்ஜின் முழுச் சுமையுடன் மேடேறும்போது, இதன் வழியே செல்லும் வாயுவின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். பெட்ரோல், சி.என்.ஜி. இன்ஜின்களில் வெப்பம் இன்னும் அதிகம். 40 செ.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் வெப்பம் 500 டிகிரி உயர்ந்தால், அதன் நீளம் 2 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக வளரும். இன்ஜின் ஆறியதும் மீண்டும் சுருங்கும். இந்த விரிவும் சுருக்கமும் நாள்தோறும் ஸ்டட்டுகளைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. நீளத்தின் வளர்ச்சி இரு முனைகளிலும் அதிகமாக வெளிப்படுவதால், முனைகளில் உள்ள ஸ்டட்டுகளே பெரும்பாலும் முதலில் உடைகின்றன.

துரு எங்கிருந்து வருகிறது?

சூடான இரும்பின் மீது எண்ணெயோ வண்ணப்பூச்சோ நிலைத்திருப்பதில்லை. எனவே, ஈரம் பட்டவுடன் துரு பிடிக்கிறது. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் பனிப்பகுதிகளில் சாலையில் தூவப்படும் உப்பு இதற்கு முக்கியக் காரணம். இந்தியாவில் கடலோரக் காற்றும், நீண்ட மழைக்காலமும், நீர் தேங்கிய சாலைகளும் அதே வேலையைச் செய்கின்றன. மீன் ஏற்றும் வண்டிகளில் பெட்டிகளிலிருந்து வடியும் உப்பு நீர், அடிச்சட்டத்தையும் சைலன்சர் குழாய்களையும் அரிக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போதே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் பழக்கம், வார்ப்பிரும்பில் விரிசலுக்கும் வழிவகுக்கலாம்.

மேனிஃபோல்டின் மேற்பரப்பு செம்பழுப்பு நிறமாக இருப்பது மட்டுமே அதை மாற்றுவதற்குக் காரணமாகாது. வார்ப்பிரும்பு தடிமனானது, மேல்துரு அதைப் பல ஆண்டுகள் பாதிக்காது. விரிசல், வளைவு, அடுக்கடுக்காக உதிரும் துரு, உடைந்த ஸ்டட், கருகிய கேஸ்கட் ஆகியவையே கவனிக்கப்பட வேண்டிய குறைகள்.

கசிவை அறிவது எப்படி?

காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் 'டிக், டிக்' என்ற ஒலி கேட்டு, சிறிது நேரத்தில் அது குறைந்தால், மேனிஃபோல்டுக் கசிவைச் சந்தேகிக்கலாம். உலோகம் சூடேறி விரியும்போது இடைவெளி அடைபடுவதே ஒலி குறைவதற்குக் காரணம். இதை டேப்பட் ஓசை என்று தவறாகக் கருதி, தேவையற்ற வேலையில் இறங்குவதும் உண்டு.

கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்த கோடு, இழுவைத் திறன் குறைவு, எரிபொருள் செலவு கூடுதல், கேபினுக்குள் புகை வாடை ஆகியவை மற்ற அறிகுறிகள். டர்போ உள்ள வண்டியில், டர்போவைச் சுழற்ற வேண்டிய வாயு வழியிலேயே வெளியேறுவதால் இழுவை குறைகிறது. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளில், கசிவின் வழியே உள்ளே நுழையும் காற்று ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றி, தேவைக்கு அதிகமான எரிபொருளைச் செலுத்தச் செய்யும்.

கேபினுக்குள் நுழையும் நஞ்சு

சைலன்சரின் பின்முனையில் வெளியேறும் வாயு காற்றில் கலந்துவிடும். மேனிஃபோல்டில் கசியும் வாயு இன்ஜின் அறைக்குள்ளேயே தங்குகிறது. அங்கிருந்து காற்று உள்வாங்கும் வழியாகவும், வயர்கள் செல்லும் துளைகள் வழியாகவும் அது கேபினுக்குள் நுழையலாம். டாடா ஏஸ் போன்ற, இருக்கைக்கு அடியில் இன்ஜின் அமைந்த சிறு சரக்கு வாகனங்களில் இதை மேலும் கவனிக்க வேண்டும்.

இந்த வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிணைப்புத் திறனுடன் சேர்கிறது. டீசல் புகையில் இதன் அளவு பெட்ரோல் புகையைவிடக் குறைவு என்றாலும், மூடிய இடத்தில் அது பாதுகாப்பானது ஆகிவிடாது. சந்தையில் சரக்கு இறக்குவதற்குக் காத்திருக்கும் இரவுகளில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு உறங்குவது எந்த வாகனத்திலும் ஆபத்தானது. கசிவுள்ள வாகனத்தில் அது உயிரைப் பறிக்கலாம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே இன்ஜினை நிறுத்தி, திறந்தவெளிக்கு வந்து, 112 அல்லது 108 எண்ணில் உதவி கோர வேண்டும்.

வீட்டில் தொடங்கும் முன்

இன்ஜினின் சிலிண்டர் ஹெட் அலுமினியமா, வார்ப்பிரும்பா, டர்போ மேனிஃபோல்டுடன் இணைந்ததா, இ.ஜி.ஆர். குழாய் எங்கு இணைகிறது ஆகியவற்றை முதலில் அறிய வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 விதிகளின்படி வந்த டீசல் வண்டிகளில் சென்சார்களும் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அதிகம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியையும் இத்தகைய வண்டிகளையும் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திடம் ஒப்படைப்பதே நல்லது. அமைப்பு எளிமையான பழைய வண்டிகளே வீட்டு வேலைக்கு ஏற்றவை.

புதிய மேனிஃபோல்டுடன் புதிய கேஸ்கட், ஸ்டட்டுகள், வெப்பம் தாங்கும் நட்டுகள் ஆகியவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணத் துத்தநாகப் பூச்சு போல்ட்டுகள் இந்த வெப்பத்துக்கு ஏற்றவை அல்ல. ஆறு முனை சாக்கெட், வயர் பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், டார்க் ரெஞ்ச், கண்ணாடி, கையுறை ஆகியவை இன்றித் தொடங்கக் கூடாது.

கழற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜின் முழுவதும் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட வேண்டும். அடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான ஸ்டாண்டுகளின் மீது வண்டியை நிறுத்த வேண்டும்.

பெரும்பாலும் வேலையின் வெற்றி முந்தைய நாளிலேயே முடிவாகிறது. நட்டுகளின் மீது படிந்த துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். கழற்றும்போது ஒரே மூச்சில் திருகாமல், சிறிது தளர்த்தி, மீண்டும் சிறிது இறுக்கி, எண்ணெய் விட்டுத் தொடர வேண்டும். நட்டு ரப்பர் போல இழுபட்டுத் திரும்புவதாக உணர்ந்தால், ஸ்டட் முறுக்கிக்கொண்டு உடையும் நிலையில் உள்ளது என்று பொருள். அங்கே நிறுத்துவது நல்லது.

கேஸ் விளக்கால் சூடாக்கி நட்டைக் கழற்றுவது பட்டறைகளில் வழக்கம். வீட்டில் இதைத் தவிர்க்க வேண்டும். எரிபொருள் குழாய், எண்ணெய்க் கசிவு, சி.என்.ஜி. இணைப்பு ஆகியவற்றின் அருகே தீப்பிழம்பு கூடாது. பிரேக் கிளீனர் வகைத் திரவங்களைத் தெளித்துவிட்டுச் சூடாக்கினால், சிலவற்றிலிருந்து நச்சு வாயு உருவாகும். மிகப் பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அவற்றை ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும். தூளை வாயால் ஊதக் கூடாது.

டர்போவைக் கழற்ற நேர்ந்தால், அதன் வாய்களைத் துணியால் அடைத்துவைக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு சிறிய நட்டோ துருத்துண்டோ போதும், சுழலும் இறகுகள் சிதைந்துவிடும்.

ஸ்டட் உடைந்தால்

உடைந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மீது நட்டு வைத்து வெல்டிங் செய்து திருகி எடுக்கலாம். வெல்டிங்கின் வெப்பம் துருவின் பிடியையும் தளர்த்தும். ஹெட்டின் பரப்போடு ஒட்டி உடைந்தால், நடுவில் துல்லியமாகத் துளையிட்டு எடுக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் ட்ரில் சற்று விலகினாலும், எஃகு ஸ்டட்டைவிட மென்மையான அலுமினியத்தையே அது துளைத்துவிடும். மரை கெட்டால் ஹெலிகாயில் பொருத்த வேண்டிவரும்.

வீட்டு வேலைக்கு எல்லைக்கோடு இங்கேதான். அனுபவமும் கருவியும் இல்லாதவர் இந்தக் கட்டத்தில் வெல்டிங் தெரிந்தவரையோ லேத் பட்டறையையோ நாடுவதே சிக்கனம். துளை தவறினால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க நேரிடும். அதன் செலவு மேனிஃபோல்டின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும்.

விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வெல்டிங் செய்து மீண்டும் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுவதுண்டு. முறையாக முன்சூடேற்றி, நிக்கல் கலந்த வெல்டிங் குச்சியால் ஒட்டி, மெதுவாக ஆறவிட்டால் அது சாத்தியமே. சாதாரணக் குச்சியால் அவசரமாக ஒட்டினால் பெரும்பாலும் பக்கத்திலேயே மீண்டும் விரிசல் விழுகிறது.

பொருத்தும் முறை

ஹெட்டின் பரப்பைக் கீறாமல் சுத்தம் செய்து, நேரான உலோக அளவுகோலை அதன் மீது வைத்து ஃபில்லர் கேஜால் வளைவைச் சோதிக்க வேண்டும். மேனிஃபோல்டின் பரப்பையும் இவ்வாறே பார்க்க வேண்டும். கையேட்டில் கூறப்பட்ட அளவைவிட வளைவு மிகுந்தால் லேத்தில் சமன்செய்ய வேண்டும். வளைந்த பரப்பில் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் கசிவு நிற்காது.

நட்டுகளை முதலில் கையால் மாட்டி, பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, இரண்டு அல்லது மூன்று கட்டங்களாக இறுக்க வேண்டும். 8 மி.மீ. ஸ்டட்டுகளுக்கு இறுக்கும் விசை பொதுவாக 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். எனினும், அந்தந்த இன்ஜினின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. அளவை மீறி இறுக்கினால், மேனிஃபோல்டு விரிந்து சுருங்க இடமின்றி ஸ்டட் மீண்டும் உடையும். கழற்றிய வெப்பத் தடுப்புத் தகட்டை மீண்டும் பொருத்தத் தவறக் கூடாது; அருகிலுள்ள வயர்களையும் ரப்பர் குழாய்களையும் காப்பது அதுவே.

வேலை முடிந்ததும் இன்ஜினைத் திறந்தவெளியில் கிளப்ப வேண்டும். பாகங்களில் ஒட்டிய எண்ணெய் எரிவதால் சில நிமிடங்கள் புகை வருவது இயல்பு. அதன் பிறகும் 'டிக், டிக்' ஒலியோ வாடையோ தொடர்ந்தால் கசிவு உள்ளது என்று பொருள். இன்ஜின் ஒருமுறை நன்கு சூடாகி முழுவதும் ஆறிய பிறகு, கையேடு அனுமதித்தால் நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்கலாம்.

சட்டம் கூறுவது என்ன?

பழுது பார்ப்பதைச் சாக்காக வைத்து கேட்டலிடிக் கன்வர்ட்டர் போன்ற மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றிவிட்டு வெறும் குழாயைப் பொருத்துவது சட்டப்படி தவறு. உற்பத்தியாளர் அளித்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. காற்று மாசு, ஒலி அளவு விதிகளை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிந்தைய 190(2) பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் 3 மாதங்களுக்குச் செல்லாததாகும்.

எனவே, மேனிஃபோல்டை மாற்றிய பின் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்வது பயன்தரும். வருமானம் ஒரு நாள் நின்றாலும், கசிவு சரிசெய்யப்படும் வரை வண்டியைத் தொலைதூரப் பயணத்துக்கு எடுக்காமல் இருப்பதே ஓட்டுநருக்கும் உடன் செல்வோருக்கும் பாதுகாப்பு.