பாரிசவாதம் போலத் தோன்றும் ஒரு நோய்

ஒருவருக்குக் கை சோர்ந்து நாக்குக் குழறுமாயின், அது பாரிசவாதமே என்று நாம் துணிந்துவிடுகின்றோம். பெரும்பாலும் அத்துணிபு சரியே. ஆயினும், நோயெதிர்ப்பு வலு குன்றியோரிடத்து அது பிழைபடுவதுமுண்டு.

1958ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரம், மன்கோல், றிச்சட்சன் என்னும் வைத்தியர் மூவர், புற்றுநோயாளர் சிலரின் மூளையில் அதுவரை அறியப்படாத ஓர் அழிவைக் கண்டு எழுதினர். அதற்குக் காரணமான வைரசு 1971இல் பிரித்தெடுக்கப்பட்டது. நோயாளி ஒருவரின் பெயரின் முதலெழுத்துக்களே அதற்கு "ஜே.சி." என்னும் பெயராயின, அவருக்கு இது வேண்டாத புகழ்தான்.

நேயர்களே, இவ்வைரசு நம்மிற் பலரது உடலில் தீங்கின்றி உறங்குகின்றது. எச்.ஐ.வி. தொற்றோ சில மருந்துகளோ உடலின் காவலைத் தளர்த்தும்போது அது விழித்தெழுந்து, நரம்பிழைகளைப் போர்த்துள்ள கொழுப்புறையை ஆக்கும் கலங்களை அழிக்கின்றது. உறை உரிந்த மின்கம்பியின் நிலையை நரம்பு அடைகின்றது.

பாரிசவாதம் பெரும்பாலும் கணப்பொழுதில் தாக்கும். இதுவோ நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஊர்ந்து வளரும். காந்தப் படத்திற் காணும் மாற்றமும் ஒரே நாடி இரத்தமூட்டும் பகுதிக்குள் அடங்குவதில்லை. முள்ளந்தண்டு நீரில் வைரசைத் தேடுவது ஐயம் நீங்க உதவும்.

இவ்வைரசை நேரே அழிக்கும் மருந்து இன்னும் நிறுவப்படவில்லை. தளர்ந்த காவலை மீட்பதே வழி. பாரிசவாதமெனக் கருதிக் கழியும் ஒவ்வொரு வாரமும் மூளைக்கு நட்டமாகும். எனினும், திடீரெனக் கை சோர்ந்தவரை வீட்டில் வைத்து ஆராயலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அவர் உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் கையோடு எடுத்துச்செல்க.